சோக்குக்காரரும் ஆபீசர் வீட்டுக் கடல்தொட்டியும்

சோக்குக்காரர் ஒரு காலத்தில் தன் மனைவியின் அண்ணனுக்கு ஒன்பதாயிரம் கடன்பட்டிருந்தார். இதில் மறைக்க ஒன்றுமில்லை. கடை போட முதல் வேண்டும். கையில் இருந்ததோ ஒரு ஸ்க்ரூ டிரைவரும் ஒரு சால்டரிங் கம்பியும்தான். வாங்கினார். ஒன்றரை வருஷத்தில் வட்டியோடு திருப்பிக் கொடுத்தார். கேட்காத வட்டி. அதோடு கணக்குத் தீர்ந்தது என்றுதான் அவர் நினைத்தார். பணம் திரும்பிப் போய்விட்டது, பேச்சு போகவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம், எந்த விருந்தில் யார் எதிரே வந்தாலும் மச்சான் இவர் தோளில் கையைப் போட்டு, "நம்ம மாப்ளே. நாம ஏத்தி விட்ட ஆளு" என்றுதான் அறிமுகம் செய்துவைப்பார். ஏற்றி விட்டாராம். ஏணியா அவர்?

சோக்குக்காரருக்குப் படிப்பு ஐந்தாவதோடு சரி. மின்சாரச் சாமான் கடைத்தெருவில் அவருக்கு அந்தப் பெயர் வந்தது சோக்கினால். பழைய குழல் விளக்குப் பட்டியைக் கழற்றினால் உள்ளே கையடக்கமாக ஒரு இரும்புக் கட்டி இருக்கும். விளக்குக்குள் மின்சாரம் தறிகெட்டுப் பாயாமல் பிடித்து வைப்பது அதுதான். அதற்குப் பெயர் சோக்கு. எரிந்துபோன சோக்குகளைக் குப்பையில் பொறுக்கி, பிரித்து, புதுக் கம்பி சுற்றி, பாதி விலைக்கு விற்று மேலே வந்தவர் அவர். ஓடுகிற சோக்கின் பக்கத்தில் காதை வைத்தால் போதும், இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்று சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாக இருக்கும். தப்பிப் போனால் சோக்கின் மேல் பழியைப் போடுவார். அப்படிக் காது வைத்து வைத்தே இரண்டு ஷட்டர் கடைக்கு முதலாளி ஆனார். அப்பன் கொடுத்ததில்லை, மாமனார் கொடுத்ததில்லை. அந்தத் தெருவில் இதை நெஞ்சில் கைவைத்துச் சொல்ல வேறு எவனுக்காவது யோக்கியதை உண்டா? கிடையாது. விசாரித்துப் பார்க்கலாம்.

பக்கத்தில் மூன்றாவது ஷட்டர் காலியாக இருந்தது. அதையும் சேர்த்துவிட்டால் கட்டடத்தின் முகப்பு முழுக்க அவர் பெயர்ப் பலகைதான். அந்த ஷட்டரின் மேல் அவருக்கு ஒரு கண், ஒரு கண் என்ன, இரண்டு கண்ணும். கட்டடக்காரர் அட்வான்ஸ் கேட்டார். "மாசக் கடைசி வரைக்கும் உங்களுக்காக வெச்சிருக்கேன். அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது" என்றார். ஏனென்றால் இன்னொருவனும் கேட்டுக்கொண்டிருந்தான். எதிர்வரிசையில் எல்.இ.டி. விளக்குக் கடை வைத்திருந்த டைக்காரன். வெயில் கொளுத்தினாலும் கழுத்தில் டை. கழுத்தை இறுக்கிக்கொண்டு திரிகிறவனுக்கு மூளைக்கு ரத்தம் எப்படிப் போகும் என்று சோக்குக்காரருக்கு நெடுநாள் சந்தேகம்.

அட்வான்ஸ் பணம் சோக்குக்காரர் கையில் இருந்தது. பேசாமல் கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். ஆனால் அந்தச் சமயம் பார்த்து ஒரு உள்விளையாட்டு அரங்கில் கூரையிலிருந்து பகல் மாதிரி வெளிச்சம் கொட்டுகிற பழைய மெட்டல் ஹாலைட் விளக்குகளைக் கழற்றி ஏலம் விட்டார்கள். நாற்பது விளக்கு. ஒவ்வொன்றோடும் இரண்டு கை சேர்த்துத் தூக்குகிற கனத்தில் ஒரு சோக்கு. அவர் ஒன்றை ஓடவிட்டுக் காதை வைத்துப் பார்த்தார். பூனை தூங்குவது போல ஒரே சீரான முனகல். விட மனசு வரவில்லை. மொத்தத்தையும் எடுத்துவிட்டார்.

வேனிலிருந்து இறக்கும்போது வீட்டுக்காரி கடைவாசலில் வந்து நின்றாள்.

"இது என்ன?"

"விளக்கு."

"அட்வான்ஸ் பணம் எங்கே?"

"அதுதான் இது."

அவள் ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால்தான் பயப்பட வேண்டும். சோக்குக்காரர் அவசரமாகத் திட்டத்தைச் சொன்னார். "உங்கண்ணன் ஒரு வருஷமா மீன்தொட்டிக்கு விளக்குத் தேடறாரு இல்ல? இது மூணு மாட்டினா போதும். மத்தவங்க எல்லாம் வரிசையில நிப்பாங்க. போட்ட பணம் மூணு மடங்கா வரும்."

"எங்கண்ணன் ஒரு செருப்பு வாங்க மூணு கடை ஏறி, வெறுங்காலோட வீட்டுக்கு வர்ற ஆளு. அவரு முடிவு பண்றதுக்குள்ள உங்களுக்குப் பல்லு கொட்டிடும்."

"கொட்டட்டும். கடை வாசல்ல மூணு ஷட்டர் இருந்தா பல்லைக் காட்ட வேண்டிய அவசியம் இல்லை."

மச்சானைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஆபீசர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். துறைமுக அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுப் போட்டே தலை வழுக்கையானவர். ஓய்வு பெற்றதும் கையெழுத்துப் போட ஒன்றுமில்லை, பொழுது போகவில்லை. கூடத்துச் சுவரை இடித்து ஆறடி நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி வைத்தார். உள்ளே உப்புத்தண்ணீர், பாறை, பவளம். மீன்தொட்டி என்று சொல்லிவிட்டால் மூஞ்சி தொங்கிவிடும்.

"ரீஃப் டேங்க், மாப்ளே. மீனெல்லாம் சும்மா துணைக்கு. பவளம்தான் முக்கியம். அதுக்கு உசிரு இருக்கு. வெளிச்சத்தைச் சாப்பிட்டுத்தான் வளருது."

அது உண்மைதான் என்று சோக்குக்காரர் பிற்பாடு விசாரித்துத் தெரிந்துகொண்டார். ஆனால் அதைச் சொன்ன தோரணை இருக்கிறதே, பவளத்துக்குச் சாப்பிடக் கற்றுக்கொடுத்ததே தான்தான் என்பது போல.

ஊரில் கடல்தொட்டி வைத்திருக்கிற பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். ஆபீசர்தான் தலைவர். மற்ற பதினொரு பேரைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தலைவர் வாங்கின உப்புதான் அவர்களும் வாங்குவார்கள். தலைவர் மாட்டின பம்புதான் அவர்களும் மாட்டுவார்கள். தலைவருக்குத் தும்மல் வந்தால் பதினொரு கைக்குட்டை வெளியே வரும். இப்போது அவர் விளக்கு மாற்றப் போகிறார் என்று தெரிந்து அத்தனை பேரும் தங்கள் பழைய விளக்கைத் துடைக்கக்கூடச் செய்யாமல் காத்திருந்தார்கள். ஆளுக்கு மூன்று என்று வைத்தால் முப்பத்து மூன்று. தலைவரோடது மூன்று. கணக்கு எங்கே இடிக்கிறது?

இடித்தது ஆபீசரிடம்தான். அவர் தொட்டிக்கு மேலே விரல் பருமனில் எட்டுக் குழல் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. டி-ஃபைவ் என்பார்கள். தொட்டி முழுக்க நிழல் விழாமல் ஒரே சீராக வெளிச்சம் பரப்பும். ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை எட்டையும் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது மாட்ட வேண்டும். கண்ணுக்கு எரிகிற மாதிரிதான் இருக்கும், பவளத்துக்கு மட்டும் பட்டினி. அதையே மாட்டுவதா, எல்.இ.டி. போடுவதா, ஹாலைட் போடுவதா? ஒரு வருஷம் இதையே யோசித்தார். வரைபடம் வரைபடமாக அச்செடுத்துச் சாப்பாட்டு மேஜையில் பரப்பி வைத்திருந்தார். போகிறவன் வருகிறவனை எல்லாம் கேட்டார். பல் டாக்டரைக் கேட்டார். பால் போடுகிறவரைக்கூடக் கேட்டார்.

"மாப்ளே, ஸ்பெக்ட்ரம் விஷயத்துல உங்க அபிப்பிராயம் என்ன?"

"அவரை எனக்குப் பழக்கம் இல்லை மச்சான். விளக்கைப் பத்திக் கேளுங்க, சொல்றேன்."

"விளக்கைப் பத்தித்தான் கேக்கறேன்!"

"அப்படின்னா மூணையும் கட்டித் தொங்க விட்டுப் பாருங்க. காகிதத்துல வெளிச்சம் வருமா?"

ஒரு சாயங்காலம் அப்படியே செய்தார்கள். சங்கத்துப் பதினொரு பேரும் வந்திருந்தார்கள், டைக்காரனும் தன் விளக்கோடு வந்திருந்தான். கூடத்து விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, முதலில் பழைய குழல் விளக்கு. எல்லோருக்கும் பழகின வெளிச்சம். அடுத்து எல்.இ.டி. டைக்காரன் தன் கைப்பேசியில் விரலைத் தேய்த்தான். தொட்டி நீலமானது, ஊதாவானது, மறுபடி நீலமானது. பச்சைப் பவளங்கள் இருட்டில் பூனைக்கண் மாதிரி மின்னின. "சூடு கிடையாது சார். கரண்ட் பாதிதான். காலைல மெதுவா விடியும், சாயங்காலம் மெதுவா அடங்கும். எல்லாம் ஃபோன்லயே" என்றான்.

"விடியறதுக்கும் ஃபோன் வேணுமா?" என்றார் சோக்குக்காரர்.

"அங்கிள், உங்களுது அந்தக் காலத்து டெக்னாலஜி."

"சூரியன் எந்தக் காலத்துது தம்பி?"

பேசிவிட்டுத் தன் விளக்கைப் போட்டார். ஹாலைட் உடனே எரியாது. வெளுத்து, மங்கி, மெல்ல மெல்ல ஏறும். ஏறி முடித்ததும் ஆபீசர் வாய்விட்டுச் சிரித்தார். தொட்டி முழுக்க மஞ்சள் பூத்திருந்தது. விளையாட்டு அரங்கின் பல்ப்பையே அப்படியே மாட்டிக்கொண்டு வந்திருந்தார் சோக்குக்காரர். பவளமெல்லாம் பழைய சாக்குத் துணி மாதிரி தெரிந்தது. டைக்காரன் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினான்.

வேறு எவனாவது என்றால் விளக்கைச் சுருட்டிக்கொண்டு ஓடியிருப்பான். சோக்குக்காரர் ஓடவில்லை. "பல்ப்பைத்தான் மாத்தணும், விளக்கு சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய், கடல்தொட்டிக்கென்றே வருகிற நீலவெள்ளைப் பல்ப்பைக் கைக்காசு போட்டு வரவழைத்து, அடுத்த வாரம் மறுபடி போய் நின்றார். இந்தத் தடவை ஏறி முடித்ததும் எல்லோரும் தொட்டிப் பக்கம் நெருங்கினார்கள். மற்ற இரண்டு விளக்கிலும் வெளிச்சம் பல இடத்திலிருந்து வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஹாலைட் ஒரே புள்ளியிலிருந்து பாயும். அதனால் மேலே தண்ணீர் அசைய அசைய அடியில் மணல் மேல் வெளிச்சக் கோடுகள் வலை மாதிரி ஓடும். ஆழமில்லாத கடலில் குனிந்து பார்த்தால் ஓடுமே, அதே கோடு. ஆபீசர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"மாப்ளே, அலை ஓடுது! பாருங்க, அலை ஓடுது!"

பதினொரு பேரும், "ஆமா, ஓடுது ஓடுது" என்றார்கள்.

ஒரு வருஷமாக வரைபடத்தைப் பார்த்தவர் கடைசியில் மணலில் ஓடின கோட்டைப் பார்த்து முடிவு செய்தார். அதுவும் எப்படி? "மாட்டிட்டுப் போங்க. மாசக் கடைசியில சங்கம் கூடும். பவளம் நல்லா இருந்தா நானும் காசு தர்றேன், இவங்க பதினொரு பேரும் ஆர்டர் தருவாங்க." கடனுக்குச் சரக்கு வாங்குகிறவர் கடன் கொடுக்கிற தோரணையில் பேசினார். சோக்குக்காரர் மென்று விழுங்கிக்கொண்டார். மாசக் கடைசியில்தான் ஷட்டருக்கும் கெடு. சரியாகத்தான் வரும்.

மாட்டிவிட்டு எல்லோர் முன்னாலும் மூன்று விஷயம் சொன்னார். எடுத்தவுடன் பக்கத்தில் தொங்கவிடக் கூடாது, உயரத்தில் கட்டி நாள் போகப் போக இறக்க வேண்டும். தண்ணீர் சூடாகும், மேலே ஒரு மின்விசிறி ஓட வேண்டும். மூன்றாவது, விளக்கு முகத்தில் இருக்கிற கெட்டிக் கண்ணாடியைக் கழற்றவே கூடாது. "பல்ப்புல இருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிர் வருது மச்சான். வெல்டிங் அடிக்கிறவன் கண்ணை எரிக்குதே, அதே சாமான்தான். அதைத் தடுக்கறது இந்தக் கண்ணாடி. துடைக்கணும்னா அணைச்சு, ஆற விட்டு, துடைச்சு, உடனே மாட்டிடணும்."

"தெரியும் மாப்ளே. படிச்சிருக்கேன்" என்றார் ஆபீசர்.

இரண்டு வாரம் ராஜ வாழ்க்கைதான். ஆபீசர் தினமும் போன் செய்தார். "கிளைப் பவளம் நுனியில புதுசா வளருது மாப்ளே!" சோக்குக்காரர் கடையில் நின்றுகொண்டு மூன்றாவது ஷட்டரின் அகலத்தை டேப் வைத்து அளந்தார். பலகைக்காரனை வரச் சொல்லி எழுத்து எத்தனை அடி இருக்க வேண்டும் என்றுகூடப் பேசி முடித்துவிட்டார்.

மாசக் கடைசியில் சங்கம் கூடுகிற அன்று மத்தியானம் போன் வந்தது. குரலே வேறு.

"உடனே வாங்க மாப்ளே. உங்க விளக்கு என் பவளத்தைக் கொன்னுடுச்சு."

வீட்டுக்காரியும் கூடவே கிளம்பினாள். "நான் வராம அங்க நீங்க வாயைத் திறக்கக் கூடாது" என்றாள். வழியெல்லாம் அவர் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் என்ன வரும் என்று அவருக்கே பயம்.

ஆபீசர் வந்து கதவைத் திறந்தார். சோக்குக்காரர் தொட்டியைப் பார்க்கவே தேவையிருக்கவில்லை. மச்சானின் வழுக்கைத் தலை கொவ்வைப்பழம் மாதிரி சிவந்து, ஓரத்தில் தோல் உரிந்துகொண்டிருந்தது. இரண்டு கண்ணும் வீங்கித் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"கண்ணுக்கு என்ன மச்சான்?"

"ஏதோ கண்வலி. ஊரெல்லாம் பரவுதாம். சொட்டு மருந்து போடறேன்."

ஊரெல்லாம் பரவுகிறதாம்! வழுக்கையிலும் பரவுகிறதா? சோக்குக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகக் கூடத்துக்குள் போனார். மேல்வரிசைக் கிளைப் பவளங்கள் சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்துக் கிடந்தன. அண்ணாந்து பார்த்தார். மூன்று விளக்கின் முகத்திலும் கண்ணாடி இல்லை. பல்ப்பு அம்மணமாக எரிந்துகொண்டிருந்தது. முதல் வேலையாக ஸ்விட்சை அணைத்தார்.

பதினொரு பேரும் வந்தாயிற்று. நாற்காலி போதாமல் நாலு பேர் சுவரோரம் நின்றார்கள். டைக்காரனும் எங்கிருந்தோ மோப்பம் பிடித்து வந்திருந்தான். சாவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி எல்லோரும் தொட்டியைப் பார்ப்பதும் உச்சுக் கொட்டுவதுமாக இருந்தார்கள். சோக்குக்காரர் வாயைத் திறக்குமுன் ஆபீசர் அவர் முழங்கையைப் பிடித்தார்.

"கொஞ்சம் உள்ளே வாங்க மாப்ளே. தனியாப் பேசணும்."

சமையலறைக்குள் போனதும் குரலைத் தாழ்த்தினார். "கண்ணாடியை நான்தான் எடுத்தேன். உப்பு தெறிச்சுத் தெறிச்சு மேலே படிஞ்சு போச்சு. துடைக்கலாம்னு எடுத்தேன். எடுத்துப் பார்த்தா என்ன வெளிச்சம்! அலை இன்னும் கூர்மையா ஓடுது. சரி, நாலு நாள் இருக்கட்டுமேன்னு…"

"படிச்சிருக்கேன்னு சொன்னீங்களே."

"அதை விடுங்க. இப்ப விஷயம் என்னன்னா, அவங்க முன்னாடி நான் எடுத்தேன்னு சொன்னா என் மரியாதை என்னாகும்? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. கண்ணாடி இல்லாமத்தான் மாட்டினேன், தெரியாம நடந்துபோச்சுன்னு. நான் உடனே, 'பரவாயில்லை, கண்ணாடி போட்டுட்டா இதைவிட விளக்கு கிடையாது'ன்னு எழுந்து சொல்றேன். பதினொரு பேரும் இன்னைக்கே பணம் கட்டுவாங்க. என் மூணுக்கும் சேர்த்து நானே தர்றேன். உங்களுக்கும் அந்தக் கடை வேணும்தானே?"

தங்கச்சியிடம் எல்லாம் கேட்டு வைத்திருக்கிறார் மனுஷன். சோக்குக்காரர் கணக்குப் போட்டுத்தான் பார்த்தார். போடாமல் இருக்க அவர் என்ன சாமியாரா? ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்கு முப்பத்தாறு விளக்கு, மூன்றாவது ஷட்டர், கட்டட முகப்பு முழுக்கப் பலகை. ஆனால் அந்த வார்த்தை என்ன? விளக்கை அரைகுறையாக மாட்டினான் என்பது. குப்பையில் சோக்குப் பொறுக்கின காலத்தில்கூட ஒரு திருகாணி குறைய அவர் சாமானைக் கொடுத்ததில்லை. பசித்த காலத்தில் செய்யாததை வயிறு நிறைந்த பிறகு செய்வதா? அதுவும் இந்த மனுஷனின் மரியாதைக்காக?

"கண்ணாடியை எங்க வெச்சிருக்கீங்க?" என்று மட்டும் கேட்டார்.

"எங்கேயோ இருக்கும், தேடணும்…"

"தேட வேண்டாம்ண்ணே" என்றாள் வீட்டுக்காரி. அவள் அவர்கள் பின்னாலேயே வந்து பாத்திரம் கழுவுகிற தொட்டி ஓரம் நின்றிருந்தாள். "இது என்ன, இறால் வெட்டற பலகையா?"

அவள் கையில் ஒரு கெட்டிக் கண்ணாடி. மேலே மீனுக்குப் பொடிப்பொடியாக வெட்டிப் போட்ட உறைந்த இறால், பக்கத்தில் கத்தி. மற்ற இரண்டும் கீழே, ஒன்றன் மேல் ஒன்றாக, சூடான பாத்திரம் இறக்கி வைத்த கரியோடு கிடந்தன.

ஆபீசர் முகத்தில் ஈயாடவில்லை. "சூடு தாங்குது, அதான்…" என்றார்.

சோக்குக்காரர் கண்ணாடியை வாங்கினார், இறாலோடு அப்படியே. வீட்டுக்காரி அவரைப் பார்த்தாள். தடுப்பாள் என்று ஆபீசர் எதிர்பார்த்திருப்பார். அவள் வழியை விட்டு ஒதுங்கி நின்றாள்.

கூடத்துக்கு வந்து எல்லோரும் பார்க்கிற மாதிரி தூக்கிக் காட்டினார். "இதுதான் கண்ணாடி. நான் மாட்டிட்டுப் போனது. கழட்டக் கூடாதுன்னு உங்க முன்னாடிதான் சொன்னேன். இப்ப இதுமேல இறால் இருக்கு, பவளம் வெந்து கிடக்கு, தலைவரோட தலையும் வெந்து கிடக்கு. யாருக்காவது சந்தேகம் இருந்தா கேக்கலாம்."

ஒருவர் சிரித்தார். அப்புறம் நாலைந்து பேர். அப்புறம் எல்லோரும். ஆபீசர் சமையலறை வாசற்படியில் நின்று தலையைத் தடவிக்கொண்டார், எரிந்திருக்கும், கையை எடுத்தார். அந்த நிமிஷம் சோக்குக்காரருக்குக் குளுகுளுவென்று இருந்தது. பொய் சொல்வானேன்.

ஆனால் டைக்காரன் சிரிக்கவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பேசினான்.

"அங்கிள் சொல்றது ரொம்பச் சரி. கண்ணாடி இருந்திருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. தலைவரையும் குத்தம் சொல்ல முடியாது. மனுஷன்னா மறதி இருக்கும், ஆசை இருக்கும். ஒரு கண்ணாடியை எடுத்தா உசிரு போற விளக்கு வீட்டுக்குள்ள எதுக்கு? குழந்தைங்க இருக்கற வீடு. எங்க விளக்குல கழட்டறதுக்கும் ஒண்ணுமில்ல, மறக்கறதுக்கும் ஒண்ணுமில்ல."

சோக்குக்காரருக்கு வயிற்றெரிச்சல். மடையன் பேசினால் ஒரு வார்த்தையில் மடக்கிவிடலாம். டைக்காரன் பேசினது நியாயமாக இருந்து தொலைத்தது. "கருவியை ஒழுங்கா வெச்சுக்கத் தெரியாதவன் மெழுகுவத்தி ஏத்தினாலும் வீடு எரியும்" என்றார். எடுபடவில்லை.

எல்லோரும் தலைவரைத் திரும்பிப் பார்த்தார்கள். இந்தக் கூட்டத்தைப் பற்றி நினைத்தால்தான் இன்றைக்கும் துப்பத் தோன்றும். கண்ணாடியைப் பார்த்தார்கள், இறாலைப் பார்த்தார்கள், இரண்டு நிமிஷத்துக்கு முன்னால் அந்த ஆளைப் பார்த்தே விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்த வாயை மூடிக்கொண்டு இப்போது அந்த ஆள் என்ன சொல்வார் என்று காத்திருந்தார்கள்.

ஆபீசர் தொண்டையைச் செருமினார். "நானும் ஆரம்பத்துல இருந்தே எல்.இ.டி. பக்கம்தான் இருந்தேன். மாப்ளே மனசு நோகக் கூடாதேன்னு ஒத்துக்கிட்டேன்."

"ஆமா, ஆமா" என்றார்கள் பதினொரு பேரும்.

டைக்காரன் பையிலிருந்து ரசீதுக் கட்டை எடுத்தான். சோக்குக்காரர் நாற்காலி போட்டு ஏறித் தன் மூன்று விளக்கையும் தானே கழற்றினார். யாரும் கை கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. கண்ணாடியை வீட்டுக்காரி கழுவித் துடைத்து எடுத்து வந்தாள். சோக்குகளை வேனில் ஏற்றும்போது ஆபீசர் பின்னாலேயே வந்தார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் மாப்ளே. நான் உங்களுக்கு எவ்வளவு செஞ்சிருக்கேன்."

"செஞ்சீங்க மச்சான். அதான் உங்க தலைக்கு மருந்து சொல்றேன். வெயில்ல போகாதீங்க, சோப்புப் போடாதீங்க, நாலு நாள்ல தோல் உரிஞ்சிடும். உள்ளே ஒண்ணுமில்லைன்னு அப்பவும் தெரியாது, கவலைப்படாதீங்க."

வேன் தெருமுனை திரும்பினதும், "முப்பத்தாறு விளக்கு" என்றாள் வீட்டுக்காரி.

"ம்."

"மூணாவது ஷட்டர்."

"ம்."

"அவரு தலையைப் பார்த்தீங்களா? வேகவெச்ச கிழங்கு மாதிரி." சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். கூடப் பிறந்தவள் சிரிக்கிறாளே என்று சோக்குக்காரர் கொஞ்சம் கௌரவமாகத்தான் உட்கார்ந்திருந்தார். அப்புறம் முடியவில்லை.

கெடு முடிந்தது. அடுத்த வாரம் மூன்றாவது ஷட்டர் டைக்காரனுக்குப் போனது. பதினொரு வீட்டு ஆர்டரில் அட்வான்ஸ் கட்டினான். சோக்குக்காரரின் பலகைக்குப் பக்கத்திலேயே நீலமாக ஒரு பலகை எரிய ஆரம்பித்தது. அந்தப் பதினொரு பேரின் பவளமும் எல்.இ.டி.யில் நன்றாகவே வளர்ந்தது என்று கேள்வி. வளரட்டும். மணலில் கோடு ஓடியிருக்காது. அவர்கள் எவருக்கும் அது குறையாகத் தெரிந்திருக்கவும் போவதில்லை.

நாற்பது விளக்கும் கடை மாடியில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தன. சில மாதம் பார்த்தார். வாங்க ஆளில்லை. பல்ப்பையும் தகரத்தையும் தனியாகப் பிரித்துப் போட்டுவிட்டு, ஒரு காலையில் பழைய இரும்புக்காரரை வரச் சொன்னார். இரும்புக்காரர் ஒரு சோக்கைக் காலால் தள்ளிப் பார்த்தார்.

"இரும்பு விலைக்கு எடுத்துக்கறேன் அண்ணே. உள்ளே கம்பியெல்லாம் இப்ப அலுமினியம்தான்."

"யார்கிட்ட சொல்ற? எத்தனை சோக்கை நான் சுத்தியிருப்பேன் தெரியுமா?"

உளியையும் சுத்தியலையும் எடுத்து உட்கார்ந்தார். ஒரு சோக்கின் இரும்புத் தகட்டைப் பிளந்து, உள்ளே இருந்த சுற்றை உருவி, வார்னிஷைக் கத்தியால் சுரண்டிக் காட்டினார். சிவப்பாக, பளபளவென்று முழுத் தாமிரம். "மத்ததையும் பார்க்கணுமே" என்றார் இரும்புக்காரர், மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள. சோக்குக்காரர் மற்றதையும் பிளந்தார். ஒவ்வொன்றையும். பூனை மாதிரி முனகின அந்த நல்ல சோக்குகள் அத்தனையையும். மத்தியானத்துக்குள் ஒரு பக்கம் இரும்பும் ஒரு பக்கம் தாமிரமும் குவிந்தன. அவர் உள்ளங்கையில் இரண்டு இடத்தில் தோல் பிய்ந்திருந்தது.

எடை போட்டார்கள். தராசு முள்ளைப் பார்க்க இரும்புக்காரரை விடவில்லை, தானே பார்த்தார். போட்ட பணத்தில் பாதிகூட வரவில்லை. அதைப் பற்றி அவர் யாரிடமும் புலம்பவும் இல்லை.

"இங்க மேஜை மேல வெச்சிடட்டுமா அண்ணே?"

"கையில எண்ணு."

பிய்ந்த கையை விரித்து நீட்டினார். இரும்புக்காரர் விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு நோட்டாக அதன் மேல் வைத்தார். நடுவில் ஒரு நோட்டு ஓரம் கிழிந்திருந்தது.

"மாத்து" என்றார் சோக்குக்காரர்.

இரும்புக்காரர் முணுமுணுத்துக்கொண்டே அதை எடுத்துவிட்டு, பையிலிருந்து வேறு நோட்டு ஒன்றை உருவி அந்தக் கையில் வைத்து, மீதியையும் எண்ணி முடித்தார்.